மூச்சு வேலைக்கு வெற்றிடம் உண்டு

1

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் பிரிவின் சாப்பாட்டு அறையில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். கேக்கில் என் பெயரை ஓர் எழுத்துக் குறைய எழுதியிருந்தார்கள். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருபது வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்ததற்கு, சட்டையில் குத்துகிற சின்னம் ஒன்றும் தந்தார்கள். பிலோமினா இல்லாவிட்டால் நாங்கள் என்ன பாடுபடுவோமோ என்று மேலாளர் பேசினார், எல்லாரும் கை தட்டினார்கள். கேக்கில் பாதி முடியவில்லை, இடுப்பில் இருந்த போன் அடித்தது. மூன்றாம் மாடியில் ஒருவருக்கு மூச்சு இறங்குகிறதாம். முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வரும்போது கேக் இல்லை.

பின்னேரம் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு வழக்கம்போல இறங்காமல் இருந்தேன். இது எனக்கு எத்தனையோ வருடப் பழக்கம். சீற் பட்டியைக் கூடக் கழற்றாமல் கால் மணித்தியாலம் சும்மா இருப்பேன். ரொறன்ரோவில் மார்ச் மாதம் என்பது பனியும் இல்லை, வெயிலும் இல்லை, பார்க்க ஒன்றுமில்லாத மாதம். என் மகள் நிரோமி மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா இன்னும் காருக்குள்தான் என்று தகப்பனுக்கு ஆங்கிலத்தில் அறிவிப்பாள். கொடியேற்றத்துக்கு ஒலிபெருக்கியில் சொல்வது போலச் சொல்வாள் என்று இவர் சிரிப்பார்.

அப்போதுதான் ஷெறினின் குரல் செய்தி வந்தது. ஷெறின் என் தங்கை சகாயராணியின் மகள். மன்னாருக்குப் பக்கத்தில் வங்காலையில் இருக்கிறாள், வயது இருபது. அரசாங்கத்தின் தாதியர் பயிற்சிக்கு எடுபட்டிருக்கிறாள். ஆனால் கனடாவில் என் வேலைக்கு, அதாவது சுவாச சிகிச்சையாளர் வேலைக்கு, நல்ல கிராக்கி என்று இணையத்தில் வாசித்துவிட்டாள். கொப்பியில் எழுதி வைத்து வாசிக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது. படிப்பு எத்தனை வருடம், படித்தவுடன் வேலை கிடைக்குமா, வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுப்பார்களா, பிறகு அங்கேயே நிரந்தரமாக இருக்கலாமா, நேர்ஸ் வேலையைவிடக் கஷ்டமா, அந்தப் படிப்போடு ஊருக்குத் திரும்பினால் மன்னாரில் வேலை உண்டா. இப்படி ஆறு கேள்வி.

ஏழாவதுக்கு முன்னால் தொண்டையைச் செருமினாள். "பெரியம்மா, கோவிக்காதேங்கோ. றீற்றா அன்ரி சொன்னது உண்மையோ? நீங்கள்தானோ அந்தக் குழாயை எடுத்தனீங்கள்?"

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைத்தால் படிப்பு முடிந்தும் பல வருடத்துக்கு அரசாங்க வேலையை விட்டுப் போக முடியாது. அதற்கு முதல் பதில் வேண்டும் என்றாள்.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்பீர்கள். ஆகவே எல்லாருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

வாய்ப்பு இருக்கிறது. நிறைய இருக்கிறது. எங்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் சுவாச சிகிச்சையாளர் தேவை என்ற காகிதத்தை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். திகதியை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். ஆஸ்பத்திரி மட்டுமில்லை, வீடுகளுக்கு ஒக்சிசன் கொடுக்கிற இடங்கள், நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறவர்களைச் சோதிக்கிற இடங்கள், குறைமாதக் குழந்தைகளின் வார்ட், எல்லா இடமும் ஆள் தேடுகிறார்கள். எங்களிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளைக் கடைசிச் சோதனை எழுத முதலே பிடித்து வைத்துவிடுவார்கள். குளிர்காலம் வந்தால் லீவு நாளில் விடியக் காலமையே செய்தி வரும், இன்றைக்கு வர முடியுமா என்று. ஆள் காணாது. என்றைக்குமே காணாது. ஏன் காணாது என்று ஷெறின் கேட்கவில்லை, நானும் அவள் வயதில் கேட்கவில்லை.

வேலை என்னவென்றால், தானாக மூச்சு எடுக்க முடியாதவருக்கு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை விட்டு, அதை மெசினோடு பொருத்தி, அந்த மெசினைக் காவல் காப்பது. சளி இழுப்பது. இரத்தத்தில் ஒக்சிசன் எவ்வளவு என்று பார்த்துக் கூட்டிக் குறைப்பது. ஊரில் இதை மயக்க மருந்து டொக்டரும் நேர்ஸ்மாரும் பிசியோக்காரரும் பங்குபோட்டுச் செய்கிறார்கள். இங்கே இதற்கென்றே படிப்பு, இதற்கென்றே சோதனை, இதற்கென்றே அனுமதிப் பத்திரம்.

நான் கலியாணம் கட்டி இருபத்திரண்டு வயதில் வந்தவள். படிக்க விண்ணப்பித்தபோது என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துக் கந்தோரில் இருந்த பெண்ணுக்கு எது குடும்பப் பெயர் என்று விளங்கவில்லை. கடிதம் எழுதினேன், சத்தியக்கடதாசி கொடுத்தேன், மூன்று மாதம் இழுபட்டது. கடைசியில் அவர்கள் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். அதனால் இருபது வருடமாக, அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக் கூரையில் இருக்கிற ஒலிபெருக்கி அந்தோனிப்பிள்ளையை வரச் சொல்லிக் கூப்பிடும். பேசாலையில் வலை இழுத்த மனிசன். காலில் செருப்புப் போடத் தெரியாது. அவர் பெயரை ஒரு வெள்ளைக்காரி மூக்கால் சொல்ல, நான் ஓடுவேன்.

ஆங்கிலம் இப்போது பரவாயில்லை. ஆனால் அந்தரமான நேரத்தில் வாய் ஊருக்குப் போய்விடும். ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு முன்னால் "இழுங்கோ, மூச்சை இழுங்கோ" என்று நான் கத்தியிருக்கிறேன். மனிசன் இழுத்தார்.

ஷெறினின் ஆறாவது கேள்விக்குப் பதில் என்னிடம் ஐந்து வருடமாகவே இருக்கிறது. லீவில் ஊருக்கு வந்தபோது மன்னார் ரவுணில் ஒரு சுகாதாரக் கந்தோருக்கு இவருக்கும் சொல்லாமல் போனேன். திரும்பி வந்தால் எனக்கு இங்கே ஏதாவது வேலை இருக்குமா என்று விசாரிக்கத்தான். உப்புக்குளத்தில் இருந்து ஓட்டோவில் போனேன், ஓட்டோக்காரப் பொடியனுக்கும் பக்கத்துக் கடையைத்தான் சொன்னேன். கதிரையில் இருந்த இளம் எழுத்தர் மிகவும் மரியாதையாகப் பட்டியலைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். "அக்கா, உங்கட பதவி எங்கட லிஸ்டிலயே இல்லை. இல்லாத பதவிக்கு நாங்கள் என்னெண்டு வெற்றிடம் காட்டுறது?"

வெளியே வந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். கனடாவில் என்னைத் தவிர ஆளில்லை என்கிறார்கள், மன்னாரில் நான் என்ற ஆளே இல்லை என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அந்த எழுத்தர் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை.

3

இனி ஏழாவது கேள்வி.

போன கார்த்திகை மாதம் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஜோர்ஜ் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். எங்கள் மன்னார்ப் பக்கம் தாழ்வுபாட்டு மனிசன், இங்கே வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அவர் மனைவிதான் றீற்றா அக்கா. நான் ஒரு சொல் தமிழில் சொன்னதுமே, நீ பேசாலையோ என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாளும் நான் போகிற நேரமெல்லாம் எனக்கென்று ஒரு போத்தலில் பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ இருந்தது.

நாலாம் நாள் டொக்டர்கள் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். றீற்றா அக்காவும் மகன்மார் இரண்டு பேரும் கதைத்து, சரி என்றார்கள். அப்படி முடிவெடுத்த பிறகு குழாயை எடுக்க வேண்டும். டொக்டர் கட்டளை எழுதுவார், நேர்ஸ் மருந்து கொடுப்பார், குழாயை எடுப்பது எங்கள் வேலை. இதை நான் இருபது வருடத்தில் ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. மூச்சுக் கொடுக்கிற வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய் இல்லை.

நான் உள்ளே போனபோது செபமாலை முடிந்திருந்தது. நான் கையுறையைப் போடப் போட, றீற்றா அக்கா கைப்பையில் இருந்து ஒரு லேஞ்சித் துணியை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மெழுகுதிரி.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளுக்குக் கோவிலில் மந்திரித்த திரியை வீட்டில் அலுமாரிக்குள் வைத்திருப்போம். ஒருவருக்குக் கடைசி நேரத்தில் சேடம் இழுக்கத் தொடங்கினால் அதைக் கொளுத்தி அவர் கையில் கொடுத்து, எங்கள் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நல்ல மரணத்துக்கு மன்றாடுவோம். வெளிச்சத்தோடு அனுப்ப வேண்டும். திரி பிடிக்காமல் போனவர் இருட்டில் போனார் என்று சனம் பல வருடத்துக்குச் சொல்லும்.

"பிள்ளை, உனக்குத் தெரியும்தானே" என்றார் றீற்றா அக்கா.

தெரியும். அக்கா, இங்க ஏலாது, ஒக்சிசன் போகுது, நெருப்புக் காட்டினால் கட்டிலோடு பிடித்துவிடும் என்றேன்.

"ஒக்சிசனை நீதானே இப்ப நிப்பாட்டப் போறாய். நிப்பாட்டிப்போட்டுக் கொளுத்தினா என்ன?"

நியாயமான கேள்வி. ஒக்சிசன் போர்வைக்குள்ளும் தலையணைக்குள்ளும் கொஞ்ச நேரம் நிற்கும், கூரையில் புகை மணந்தால் சத்தம் போடுகிற மெசின் இருக்கிறது, பக்கத்து அறையிலும் மெசினில் ஆள் கிடக்கிறது. எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் கந்தோரில் இருக்கிறவர்களின் குரல் போல வந்தது. மூத்த மகன் தாய்க்கு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான், அது அவருக்கு விளங்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊர்ப்பிள்ளை, நான் ஒரு வழி விடுவேன் என்று நம்பினார்.

நான் விடவில்லை. குழாயைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தேன், சளியை இழுத்தேன், குழாயை எடுத்தேன், முகத்தைத் துடைத்தேன். ஜோர்ஜ் அண்ணன் தானாக நாலைந்து தரம் மூச்சு எடுத்தார். றீற்றா அக்கா கொளுத்தாத திரியை அவர் விரலுக்குள் வைத்து, காற்றில் அணைந்துவிடாமல் பார்க்கிறவர் போல அதன் நுனியை மற்றக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

4

ஜோர்ஜ் அண்ணனின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு நான் போகவில்லை, வேலை. ஆனால் மண்டபத்தில் சாப்பாட்டு நேரம் றீற்றா அக்கா சொன்னது எனக்கு வங்காலை வழியாக வந்து சேர்ந்தது. பேசாலைப் பெட்டை ஒருத்திதான் குழாயைப் பிடுங்கினவள், திரி கொளுத்தவும் விடவில்லை. அவ்வளவுதான். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். பிடுங்கவில்லை, மெல்ல எடுத்தேன் என்று யாருக்குப் போய்ச் சொல்வது?

கோவிலில் சில பெண்கள் சமாதானம் சொல்லும் நேரத்தில் எனக்குக் கை தர மறந்தார்கள். வீட்டில் நிரோமிக்குச் சொன்னேன். அவளுக்குத் திரி விஷயம் விளங்கவில்லை, விளங்கவைக்க எனக்கு ஆங்கிலம் காணவில்லை, அவளுக்குத் தமிழ் காணவில்லை. நீங்கள் விதிப்படிதானே செய்தீர்கள், பிறகென்ன என்றாள். அவள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். படிக்க விரும்பும் துறைகளில் மருத்துவத்துடன் தொடர்பான ஒன்றும் இல்லை. காரணம் கேட்டேன். யோசித்து, பிழையான தமிழில், எனக்காகத் தமிழிலேயே சொன்னாள். "எனக்கு கார்ல இருக்க வேண்டாம், அம்மா."

அதற்குப் பிறகு நான் செய்த ஒரு வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மலிவுக் கடை ஒன்றில் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி விற்கிறார்கள். அடியில் தட்டினால் நெருப்புப் போலவே நடுங்கி நடுங்கி எரியும். இரண்டு வாங்கினேன். மெழுகுதிரித் திருநாளுக்கு எங்கள் தமிழ்ப் பூசைக்குக் கொண்டுபோய், எல்லாரும் மெழுகுதிரி வைக்கிற மேசையில் என்னுடையதையும் செருகி வைத்தேன். பூசை வைத்த சுவாமி, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தவர், என்னுடையதற்கு முன்னால் நின்றார். இதென்ன பிள்ளை என்று மெல்லக் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு, சுவாமி, ஒக்சிசன் பக்கத்தில் பிடிக்கலாம் என்றேன். அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "அப்ப பற்றரி நனையாமப் பிடி" என்று சொல்லிவிட்டு, நுனியில் மட்டும் இரண்டு துளி தெளித்தார்.

ஒன்றை றீற்றா அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னத்துக்கு என்று எனக்கே தெரியாது, மனிசர் போய் மூன்று மாதமாகிவிட்டது. அக்கா வாசலில் நின்றே அதைத் தட்டிப் பார்த்தார். எரிந்தது. திரும்பத் தட்டினார். நின்றது. என் கையில் திருப்பித் தந்துவிட்டு, மழை வரப்போகுது, கவனமாய்ப் போ என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

5

ஷெறினுக்கு என்ன பதில் சொல்வதென்று மூன்று நாள் யோசித்தேன். உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன், அவள் வர வேண்டும் என்றுதான் என் மனம் கேட்டது. கீழ் அறையைத் துப்புரவாக்கியும் விட்டேன். எங்கள் பேச்சுப் பேசுகிற ஒரு பிள்ளை வீட்டில் நடமாடினால் போதும். அவள் எதிர்காலத்தைப் பற்றி அந்த மூன்று நாளில் நான் யோசித்தது கொஞ்சம்தான்.

சனிக்கிழமை காலமை எடுத்தேன், வங்காலையில் பின்னேரம். தங்கச்சி சகாயம்தான் போனைத் தூக்கினாள். ஷெறின் பக்கத்தில் இருந்தாள். படிப்பு, சோதனை, விசா, கிராக்கி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழாவது கேள்விக்கும் ஓம் என்று சொன்னேன், நான்தான் எடுத்தேன், மாதத்தில் நாலு ஐந்து தரம் எடுக்கிறேன். மீன் விற்கிறவரின் மோட்டச் சைக்கிள் கோர்ன் அந்தப் பக்கம் கேட்டது.

பிறகு சகாயம் சொன்னாள். "அப்பாவுக்கும் நீ திரி கொளுத்த விடேல்லத்தானே."

எட்டு வருடமாக அவள் இதை ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா கடைசிக் காலத்தில் வங்காலையில் அவளோடுதான் இருந்தார். நெஞ்சு வருத்தம். கோவிலுக்குச் சொந்தமான ஒரே ஒரு ஒக்சிசன் சிலிண்டரை வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் லீவு கேட்டேன். குளிர்காலம், ஆளில்லை, அடுத்த திங்கட்கிழமையில் இருந்து போகலாம் என்றார்கள். அப்பா வியாழக்கிழமை போனார்.

அந்த வியாழக்கிழமை விடிய ஆறரைக்கு நான் ஆஸ்பத்திரிக் கார்ப் பார்க்கில் இருந்தேன், அங்கே பின்னேரம் ஐந்து மணி. போனில் சகாயம். அப்பாவின் விரலில் மாட்டுகிற ஒக்சிசன் காட்டியை நான்தான் அனுப்பியிருந்தேன், பன்னிரண்டு வயது ஷெறின் அதில் தெரிகிற நம்பரை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேடம் இழுக்கத் தொடங்கிவிட்டது, திரி கொளுத்தட்டோ என்று சகாயம் கேட்டாள். வேண்டாம், வீடு எரிந்துபோகும் என்றேன். அப்ப ஒக்சிசனை நிப்பாட்டட்டோ என்றாள். நிப்பாட்டாதே என்று கத்தினேன். றீற்றா அக்கா கேட்டதும் இதே கேள்விதான், எட்டு வருடத்துக்கு முன்பே என் தங்கச்சி கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு போனில் துணி உரசுவது போல ஒரு சத்தம், ஒன்றும் விளங்கவில்லை. நான் கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் அழுகைச் சத்தம் கேட்டது.

நான் அதையே நினைத்துக்கொண்டிருக்க, சகாயம் கேட்டாள். "அக்கா, அவளை மறிக்கிறன் எண்டு நினைக்காத. ஒண்டை மட்டும் உண்மையாச் சொல்லு. அந்த வேலையை விட்டுட்டு வர உனக்கு ஏலுமே?"

வீட்டைச் சொல்லலாம், நிரோமியின் படிப்பைச் சொல்லலாம், மன்னார்க் கந்தோரின் பட்டியலைச் சொல்லலாம். ஒன்றையும் சொல்லவில்லை.

"ஏலாது" என்றேன்.

ஷெறின் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி பெரியம்மா" என்றாள்.

6

வெள்ளிக்கிழமை ஷெறின் கையெழுத்து வைத்தாள். காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பேனையை அழுத்தி எழுதியதில் மை ஊறியிருந்தது. அவளையும் ஒரு காகிதம் கட்டிப்போட்டுவிட்டது, ஆனால் அவளைக் கட்டிய இடம் அவளுடைய இடம், பிள்ளை களைத்து வந்தால் தாய் இருக்கிறாள். இப்படி நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். கீழ் அறைக் கதவைச் சாத்தினேன். மனம் விட்டுச் சொன்னால், எனக்கு நல்ல கவலை.

அன்று பின்னேரமும் காருக்குள்தான் இருந்தேன். சகாயம் எடுத்தாள். அங்கே விடியப் போகிற நேரம், பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கிறாளாம். என் பற்றரித் திரியின் கதையை ஷெறின் எங்கேயோ கேட்டுச் சொல்லியிருக்கிறாள். உண்மையோ என்று சகாயம் கேட்டாள். ஓம் என்று சொல்லி, சுவாமி இரண்டு துளி தெளித்ததையும் சொன்னேன். சகாயம் சிரித்தாள், அப்பா போன பிறகு என்னோடு அப்படிச் சிரிக்கவில்லை. சிரித்து முடியப் பெருமூச்சு விட்டாள்.

"அக்கா, உனக்கு ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு நீ கொளுத்தாத எண்டு சொல்லிட்டாய். அப்பா இருட்டில போகப்போறார் எண்டு எனக்குப் பதறிப்போச்சு. உன்னோட கதைச்ச போனில லைற் இருக்குத்தானே. அதைப் போட்டு அப்பாவின்ர கையில பிடிப்பிச்சிட்டன். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அப்பா போனவர்."

ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கோலை நான் கட் பண்ணேல்ல. நீ அப்பாவின்ர கைக்குள்ளதான் இருந்தனீ. வரேல்லை, வரேல்லை எண்டு இனி அழாத. நீ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தனீ, மன்றாட்டுச் சத்தத்தில எங்களுக்கு விளங்கேல்ல. அப்பாவுக்குக் கேட்டிருக்கும்."

பூசைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். நான் அழுதேன். மேல்மாடி யன்னலில் நிரோமி நின்றாள், இந்த முறை அறிவிக்கப் போகவில்லை, அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சகாயத்துக்குத் தெரியாது. எனக்கு நல்ல ஞாபகம். அப்பா என்று ஒருக்காலும் கூப்பிடவில்லை. அவர் கைக்குள் இருந்துகொண்டு, கடைசிவரைக்கும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"நம்பர் எவ்வளவு? நம்பரைச் சொல்லுங்கோ."